கொட்டகையில் கிடக்கும் பழைய கார்: எடுக்கலாமா, விட்டுவிடலாமா?

கதவைத் திறந்ததும் பானெட்டைத் தூக்கிப் பார்க்கத்தான் கை பரபரக்கும். பொறுங்கள். பல வருஷம் பூட்டிக் கிடந்த காரில் இன்ஜின் பற்றிய கேள்வி கடைசியில்தான் வரவேண்டும். இன்ஜினைப் பிரித்து, போரிங் போட்டு, மறுபடி கட்டிக் கொடுக்க ஆள் கிடைக்கும். உளுத்துப்போன பாடி, காணாமல்போன கிரில், இல்லாத உரிமைச் சான்று, இந்த மூன்றில்தான் வேலை பாதியில் நின்றுபோகும்.

முதலில் வண்டி கண்ணில் படவேண்டுமே. நல்ல வண்டிகள் விளம்பரத்துக்கு வருமுன்பே கைமாறிவிடுகின்றன. வயதான மெக்கானிக், டிங்கர், ரேடியேட்டர் பற்றவைப்பவர், சீட் தைப்பவர் இவர்களிடம் பேச்சுக்கொடுங்கள். "பழைய கார் ஏதாவது இருக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "இந்த மாடலுக்குக் கடைசியாக எப்போது வேலை பார்த்தீர்கள், அந்த வண்டி இப்போது எங்கே" என்று கேட்டால் நினைவு திறக்கும். சொத்து பிரிக்கிற வீடு, இடிக்கப்போகிற வீடு, கதவின் முன்னால் புல் மண்டிய கொட்டகை ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. சொந்தக்காரர் அனுமதி இல்லாமல் உள்ளே கால்வைக்காதீர்கள்.

2009இல் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் ஒரு கராஜிலிருந்து 1937ஆம் வருஷத்து புகாட்டி 57எஸ் அட்டலாந்தே வெளியே வந்து, 34 லட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போனது. அது அபூர்வத்திலும் அபூர்வம். உங்களுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் நாலு கதவு வைத்த சாதாரண குடும்பக் கார்தான். அந்தக் கணக்கிலேயே பாருங்கள்.

உள்ளே போகும்போது முகக்கவசமும் கையுறையும் வேண்டும். எலிப் புழுக்கையை உலர்ந்தபடி பெருக்கினால் தூசியோடு நோயும் மூச்சில் ஏறும். பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ப்ளீச்சிங் திரவம் கலந்து தெளித்து, ஊறவிட்டு, துணியால் அள்ளுங்கள். சீட்டுக்கு அடியில் கையை விடுமுன் டார்ச் அடித்துப் பாருங்கள், பாம்போ குளவிக் கூடோ இருக்கலாம். எதையும் நகர்த்துமுன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிடுங்கள்.

அடுத்து தரையைப் பாருங்கள். மண் தரை ஓயாமல் ஈரத்தை மேலே விடும். கார் மேலே பளபளவென்று இருந்தாலும் அடிப்பாகம் அப்பளமாகியிருக்கும். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடியிருந்தால் இன்னும் மோசம், உள்ளே வியர்த்த ஈரம் வெளியேற வழியே இல்லை. சிமெண்டுத் தரையில் பருத்தித் துணி போர்த்தி நின்ற வண்டியே நம்பிக்கை தருவது. கதவின் உள் அட்டையில் ஒரே மட்டமாகக் கறைக்கோடு ஓடுகிறதா, ஹெட்லைட் கிண்ணத்துக்குள் வண்டல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்த வண்டி வெள்ளத்தில் நின்றது.

துருவைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரும் ஒரு காந்தமும் போதும். டிரைவர் கால்வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு 'டங்' என்று பதில் சொல்லும். 'தொப்' என்று அமுங்கினால் அங்கே முனையை வைத்து லேசாக அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்த இடத்தைச் சுற்றி இரண்டு விரற்கடை தகட்டையும் போனதாகவே கணக்கு வையுங்கள். இதே சோதனையைக் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச்சட்டம், ஜாக்கி வைக்கும் இடம், பின் ஸ்பிரிங் பட்டை சேஸியில் மாட்டும் இடம், டிக்கியில் ஸ்டெப்னி குழி, பேட்டரித் தட்டு, முன் கண்ணாடிச் சட்டத்தின் கீழ் மூலை எல்லாவற்றிலும் செய்யுங்கள். மட்கார்டிலும் கதவின் அடியிலும் காந்தத்தை ஒரு காகிதத்தில் சுற்றி நகர்த்துங்கள். பிடி விடுகிற இடத்தில் பெயிண்டுக்கு அடியில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. அலுமினியம் பாடிக்கு இந்தச் சோதனை உதவாது.

கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஆட்டம் இருந்தால் கீலைப் பாருங்கள். கீலின் ஆணி மட்டும் தேய்ந்திருந்தால் சின்ன வேலை. கீல் பதிந்த தூணின் தகடே சேர்ந்து அசைந்தால் பெரிய வேலை. கூரையில்லாத கார் என்றால் இன்னொரு எச்சரிக்கை: கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை முதலில் அளந்துகொண்டு பிறகு ஜாக்கி போடுங்கள். தூக்கும்போது அந்த இடைவெளி மாறினால் பெட்டிச்சட்டம் உளுத்து, வண்டி நடுவில் மடிகிறது என்று அர்த்தம்.

சேஸி எண், இன்ஜின் எண் இரண்டையும் ஆவணத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். 17 இலக்க சேஸி எண் முறை அமெரிக்காவில் 1981 மாடலிலிருந்துதான் நிலைபெற்றது. அதற்கு முந்தைய எண்கள் குட்டையாகவே இருக்கும், பயப்படவேண்டாம். எண் தகட்டின் ரிவிட் மட்டும் புதிதாக மின்னினால் பயப்படலாம். விற்பவர் வாரிசு என்றால் மற்ற வாரிசுகளின் கையெழுத்தும் வாங்காமல் பணம் தராதீர்கள்.

பிறகு என்னென்ன இல்லை என்று பட்டியல் போடுங்கள். பிரேக், பேரிங், கேஸ்கெட் எல்லாம் தேடினால் கிடைக்கும். குரோம் பட்டை, வளைந்த பின் கண்ணாடி, விளக்கின் லென்ஸ், டேஷ்போர்டு மீட்டர், கதவுப் பிடி ஆகியவை அப்படியல்ல. இவற்றில் சில பரண்மேல் பெட்டியில் கிடக்க வாய்ப்புண்டு. வண்டியோடு கொட்டகையின் மூலைமுடுக்கையும் பேசி வாங்குங்கள்.

இப்போது இன்ஜினுக்கு வரலாம். எக்காரணம் கொண்டும் செல்ஃப் அடிக்காதீர்கள், கியர் போட்டுக் கட்டியிழுத்துத் தள்ளிப் பார்க்கவும் வேண்டாம். முதலில் இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலுக்கு அடியில் தங்குவதால் முதலில் அதுதான் வரும். சில சொட்டு வந்தால் வியர்த்த ஈரம். ஒரு டம்ளர் வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், அல்லது பிளாக்கில், அதாவது இன்ஜினின் உடலில், விரிசல். உறைபனி விழும் ஊர் என்றால் பிளாக்கின் பக்கவாட்டில் முடிபோல் நீளும் கோட்டைத் தேடுங்கள்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் 25 மில்லி துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். திரவமும் அசிட்டோனும் சரிபாதி கலந்தாலும் வேலை செய்யும். ஆனால் அது சட்டென்று தீப்பிடிக்கும், விடுமுன் நன்றாகக் குலுக்கவும் வேண்டும். மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் ஊறட்டும். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜினின் முன்பக்கம் உள்ள கிராங்க் புல்லி போல்ட்டில் நீளமான ஸ்பானர் போட்டு, இன்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையில் அசைத்துப் பாருங்கள். துளி அசைந்தாலும் போதும், முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி விடுவிக்கலாம். ஸ்பானரில் குழாய் மாட்டித் தொங்கினால் போல்ட்தான் முறியும். விடுபட்டதும் இன்ஜினின் மேலே உள்ள ராக்கர் மூடியைத் திறந்து எல்லா வால்வும் ஏறி இறங்குகிறதா என்று பார்த்தபிறகே முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஒட்டிய வால்வு ஒன்று இருந்தாலும் அதைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு வளைந்துவிடும். பிளக்கை மாட்டுமுன் எண்ணெய் முழுக்க வெளியேற வேண்டும், தேங்கியிருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும்.

பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும். அதைக் கார்புரேட்டருக்கு விட்டால் ஜெட் எனும் நுண்துளைகள் அத்தனையும் பிசினாகி அடைத்துக்கொள்ளும். டேங்கைக் காலிசெய்துவிட்டு, முதல் ஸ்டார்ட்டுக்கு வெளியிலிருந்து தனி டப்பாவில் பெட்ரோல் கொடுங்கள். பேட்டரி மாட்டுமுன் எந்த முனை பாடியில் எர்த் ஆகிறது என்று பாருங்கள். 1960கள் வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் எர்த். 1950களின் நடுப்பகுதி வரை பல அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட். எலி கடித்த ஒயரிங்கில் நேராகப் பேட்டரி கொடுக்காமல் நடுவில் ஒரு ஹெட்லைட் பல்பை வரிசையில் கோத்துக் கொடுங்கள். எல்லா ஸ்விட்சும் ஆஃபில் இருந்தும் அது பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட்.

வெளியே இழுப்பது தனி வேலை. ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியிருந்தால் பிரேக் லைனிங் சக்கரத்தின் டிரம்மோடு ஒட்டியிருக்கும். மரச்சுத்தியலால் டிரம்மைச் சுற்றித் தட்டுங்கள். உள்ளே உள்ள தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. டயரில் காற்று நின்றாலும் அது லாரியில் ஏற்றும்வரைக்கும்தான். சங்கிலியைப் பம்பரில் மாட்டவேண்டாம், ஆக்ஸிலிலோ சேஸியிலோ மாட்டுங்கள். பிரேக் இருக்காது என்பதால் ஒருவர் கட்டையோடு சக்கரத்தின் பக்கத்திலேயே நடக்கட்டும்.

வண்டி போனபிறகு அது நின்ற இடத்தைக் காந்தத்தால் ஒருமுறை துழாவுங்கள், திருகுகளும் கிளிப்புகளும் ஒட்டிக்கொண்டு வரும். அத்தோடு நிறுத்தாமல் கையாலும் மண்ணைக் கிளறுங்கள். கழன்று விழுந்த பெயர்ச் சின்னம் பெரும்பாலும் பித்தளையோ துத்தநாகக் கலவையோ, அது காந்தத்தில் ஒட்டாது.