அடுத்த பாகம் ஏன் இன்னும் வரவில்லை? வாசகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நாளுக்கு ஒரு பக்கம் எழுதினால்கூட மூன்று வருசத்தில் ஆயிரம் பக்கம் வந்துவிடுமே, அப்புறம் என்ன தாமதம்?" ஈரோடு புத்தகத் திருவிழாவில் மிகுபுனைவு (ஃபேன்டசி) தொடர்களைத் தேடி வரும் பிள்ளைகள் இப்படிக் கணக்குப் போடுகிறார்கள். முதல் தவறே இந்தக் கணக்குதான். எழுதியதெல்லாம் புத்தகத்துக்குள் போவதில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரின் மூன்றாம் புத்தகம் 2000இல் வந்தது. அதன்பின் கதைக்குள் ஐந்து வருடங்களைத் தாண்டிவிட நினைத்தார். எழுதியும் பார்த்தார். வளர வேண்டிய சிறுவர்களுக்கு அந்தத் தாண்டல் பொருந்தியது, அதிகாரத்தில் இருந்தவர்களுக்குப் பொருந்தவில்லை. திட்டத்தையே கைவிட்டார். கதை பெருத்துப்போனதால் பாத்திரங்களை இரண்டாகப் பிரித்து, பாதிப்பேரை மட்டும் வைத்து நான்காம் புத்தகத்தை 2005இல் கொடுத்தார். மீதி அடுத்த வருடம் வரும் என்று நம்புவதாக அதன் கடைசியில் எழுதினார். வந்தது 2011இல். ஆசிரியரின் நம்பிக்கையை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு திட்டுவது இரண்டாவது தவறு. இணையக் கடைகள் போடும் தேதியை நம்பவே வேண்டாம்.

நம் பக்கம் உடுக்கையடித்து அண்ணன்மார் கதை பாடுபவர், ஓர் ஊரில் விரித்த இடத்தை அடுத்த ஊரில் சுருக்கிக்கொள்ளலாம். அச்சான தொடரில் அது முடியாது. முதல் பாகத்தில் ஒரு மலையைக் கடக்க மூன்று நாள் என்று எழுதிவிட்டால், ஆறாம் பாகத்திலும் மூன்று நாள்தான். பாகம் கூடக்கூட இப்படிப்பட்ட கட்டுகளும் கூடும். கடைசிப் பாகங்கள் தாமதமாவதற்குப் பெரிய காரணம் இது, சோம்பல் அல்ல.

"கல்கி வாராவாரம் எழுதினாரே" என்பார்கள். உண்மைதான், 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்தது. ஆனால் அரியணை யாருக்குப் போகும் என்பதை வரலாறு முன்பே சொல்லியிருந்தது. அப்படியும் கதையைச் சட்டென்று முடித்துவிட்டதாக வாசகர்கள் குறைப்பட, கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொன்னார்.

எனக்கு மிகவும் வலிப்பது ஒன்று உண்டு. வயதான எழுத்தாளரிடம் "சாவதற்குள் முடித்துவிடுங்கள்" என்று எழுதுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 'தி வீல் ஆஃப் டைம்' என்ற மிகுபுனைவுத் தொடரை எழுதிய ராபர்ட் ஜோர்டன் நோயோடு எழுதிக்கொண்டே இருந்தவர், 2007இல் தொடர் முடியாமலே இறந்தார். இறுதிக் காட்சியை எழுதி வைத்திருந்தார். அவருடைய குறிப்புகளைக் கொண்டு இன்னொரு எழுத்தாளரான பிராண்டன் சாண்டர்சன் மூன்று புத்தகங்கள் எழுதினார். தொடர் 2013இல் முடிந்தது.