அப்பம்மாவுடன் படம் கீறப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்தால் கொழும்பில் பல தமிழ்க் குடும்பங்கள் ஒரு வான் பிடித்துப் பழைய இடங்களைப் பார்க்கக் கிளம்பிவிடும். கொட்டாஞ்சேனையில் பிறந்த வீடு, கொச்சிக்கடைக் கோயில், தாத்தா வேலை செய்த செட்டியார் தெருக் கடை, பின்னேரம் காலிமுகத்திடல். அந்த வானில் கொப்பியும் பென்சிலுமாக ஏறுகிற ஆட்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

கண்ட உடனே கடலைக் கீறத் தொடங்காதீர்கள். கடலை நாளைக்கும் வெள்ளவத்தை ரயில் பாதையோரம் நின்று கீறலாம். அப்பம்மாவோடு அந்த ஒழுங்கைக்குள் நிற்பது இன்னொரு தடவை வாய்க்குமோ தெரியாது.

அதைவிடப் பெரிய தவறு, நல்ல கோணம் தேடித் தனியே போய் உட்காருவது. நான் அதைச் செய்தேன். கொட்டாஞ்சேனையில் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று வீட்டின் முகப்பை ஒரு மணித்தியாலம் கவனமாகக் கீறினேன். அந்த நேரம் முழுக்க அப்பம்மா வாசலில் நின்று, கிணறு எங்கே இருந்தது, யார் எந்த அறையில் படுத்தார்கள் என்று பெரியப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு கேட்டபோது பாதிதான் கிடைத்தது. இடத்தைப் பார்க்கும்போது வருகிற ஞாபகம் வீட்டில் நாற்காலியில் இருக்கும்போது வருவதில்லை. இப்போது நான் அவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டுக்கொள்கிறேன். படம் கோணலாக வந்தாலும் பரவாயில்லை. “ஆடிவேலுக்கு வாற ஆக்கள் எல்லாம் இந்த விறாந்தையிலதான் படுப்பினம்” என்று சொன்னால், அதை அவர் சொன்ன மாதிரியே பக்க ஓரத்தில் எழுதிவிடுவேன்.

சிலர் பழைய வீட்டை அழகாக்குகிறார்கள். முன்னால் தொங்கும் ஃபோன் கடைப் பலகை, ஏசிப் பெட்டி, வயர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓட்டுக்கூரையை மட்டும் கீறுவார்கள். வேண்டாம். இன்று இருப்பதைப் பேனாவால் கீறுங்கள். அப்பம்மா சொல்லும் கிணற்றையும் மாமரத்தையும் அதன் மேலேயே பென்சிலால் மெல்லிதாகப் போடுங்கள். பிள்ளைகள் பார்க்கும்போது எது நின்றது, எது போனது என்று ஒரே பக்கத்தில் தெரியும். உள்ளே இப்போது குடியிருப்பவரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் கட்டுவித்தது. உள்ளே இருட்டு. தூண் தூணாக எண்ணிக் கீறப் போனால் களைத்துவிடுவீர்கள். பென்சிலைச் சரித்துப் பிடித்து, முதலில் பெரிய நிழலைப் பூசிவிட்டு, விளக்கு எரியும் இடத்தில் மட்டும் தாளை வெள்ளையாக விடுங்கள். துறைமுகப் பக்கம் காவலில் இருப்பவர் வேண்டாம் என்றால் கொப்பியை மூடிவிட்டு நகர்வதுதான் சரி.

அப்புறம் வெளிச்சம். கொழும்பில் சூரியன் கடலுக்குள் மறைகிறது, வருடம் முழுக்க ஏறக்குறைய 5:50க்கும் 6:35க்கும் இடையில். மறைந்ததும் சட்டென்று இருட்டிவிடும். ஆறு மணிக்குக் காலிமுகத்திடலில் வர்ணப் பெட்டியைத் திறந்தால் எதுவும் முடியாது. ஐந்துக்கே போய், வெயில் வரும் திசையை ஓர் அம்புக்குறியால் குறித்து, பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். கடல் பக்கம் பார்த்தால் நிற்பவர்களின் முகம் இருண்டுதான் தெரியும். அங்கே மூக்கும் கண்ணும் தேடாமல் உருவத்தின் வெளிக்கோட்டை மட்டும் எடுங்கள். சித்தியின் நடை எட்டத்திலேயே தெரிந்துவிடும், அது போதும்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. உப்புக் காற்றில் நீர்வர்ணம் எளிதில் காயாது. அவசரத்தில் மூடினால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். அந்த மாதங்களில் எனக்கு போல்பொயின்ற் பேனா போதும். வர்ணம் பூசியே ஆகவேண்டுமென்றால், வானில் ஏறும்போது கொப்பியை விரித்தபடியே மடியில் வைத்திருங்கள்.