எலக்ட்ரிக் காரில் ‘மோட்டார் போச்சு’ என்றால்: பணத்தை எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் எனக்கு ஒரு மோட்டார் வைண்டிங் கடை இருக்கிறது. போர்வெல் மோட்டார், மாவு மில் மோட்டார், டேபிள் ஃபேன் என்று காயில் (உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பி) கருகின எதுவும் அங்கே வந்து சேரும். கொஞ்ச காலமாகப் போனில் வேறு மாதிரிக் கேள்வி வருகிறது. "அண்ணே, எலக்ட்ரிக் கார்ல மோட்டார் போயிருச்சாம். புதுசு போட்டா லட்சத்துக்கு மேல சொல்றாங்க. நீங்க காயில் கட்டித் தந்துருவீங்களா?"

முடியாது, காரணம் பின்னால் வரும். கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மோட்டார்தான் போனது என்று எதை அளந்து சொன்னார்கள்? பல பேரிடம் பதில் இருக்காது. "கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தாங்க" என்பார்கள். கம்ப்யூட்டரில் வருவது ஒரு கோடு, அதாவது பழுதைக் குறிக்கும் குறியீட்டு எண். எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது.

காரில் பொதுவாக மோட்டார் என்று சொல்லிவிடுகிறோம். உள்ளே இருப்பது ஒரு கூட்டுக் குடும்பம். பேட்டரியின் டிசி மின்சாரத்தை மூன்று ஃபேஸ் ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர், அதில் ஓடும் மோட்டார், ஒற்றை கியர் பெட்டி, ரோட்டர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று இன்வெர்ட்டருக்குச் சொல்லும் ரிசால்வர் சென்சார், சூட்டை இறக்கும் கூலண்ட் பம்ப், ஆரஞ்சு நிறத்து ஹை வோல்டேஜ் கேபிள்கள், அவற்றின் கனெக்டர்கள். இதில் யார் படுத்தாலும் டாஷ்போர்டில் ஏறக்குறைய ஒரே மாதிரி விளக்குதான் எரியும். பழுது சில ஆயிரத்திலும் இருக்கலாம், லட்சத்திலும் இருக்கலாம்.

ரோட்டில் நின்றுவிட்டால்

திருமயம் தாண்டி நின்றாலும் சரி, தேவகோட்டை ரஸ்தாவில் நின்றாலும் சரி, முதலில் போனை எடுத்து டாஷ்போர்டைப் படம் பிடியுங்கள். சார்ஜ் எத்தனை சதவீதம், என்ன வேகத்தில் போனீர்கள், ஏசி ஓடியதா, மழையா, தண்ணீரில் இறங்கி வந்தீர்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். காரை அணைத்துப் போட்டால் சில விளக்குகள் மறைந்துவிடும். அப்புறம் சர்வீஸ் சென்டரில் "எங்களுக்கு ஒண்ணும் காட்டலையே சார்" என்பார்கள்.

படம் எடுத்தபின் காரை அணைத்து, பூட்டி, சாவியைத் தள்ளி வைத்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். கன்ட்ரோலர்கள் தூங்கி எழுந்தால் சில கோளாறுகள் தானே விலகும். ஒரு முறை ஸ்டார்ட் செய்து பாருங்கள். மறுபடி மறுபடி முயற்சி செய்ய வேண்டாம். கருகல் வாடையோ புகையோ வந்தாலும், வண்டி தண்ணீரில் நின்றிருந்தாலும் அந்த ஒரு முறையும் வேண்டாம். எல்லோரும் இறங்கித் தள்ளி நின்றுகொண்டு 112-ஐக் கூப்பிடுங்கள்.

கயிறு கட்டி இழுக்கவே கூடாது. "நியூட்ரல்ல போட்டு இழுத்துரலாம் சார்" என்று டோ வண்டிக்காரர் சொல்வார். பெட்ரோல் காரில் நியூட்ரல் என்றால் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு அறுந்துவிடும். இங்கே பெரும்பாலான கார்களில் அப்படி இல்லை. மோட்டார் எப்போதும் சக்கரத்தோடு பிணைந்தே இருக்கிறது. உள்ளே நிரந்தரக் காந்தம் இருப்பதால், சக்கரம் சுற்றினால் மோட்டார் ஜெனரேட்டராகி இன்வெர்ட்டருக்குள் மின்சாரத்தைத் தள்ளும். சின்னக் கோளாறோடு நின்ற வண்டி, இழுத்ததால் பெரிய கோளாறோடு போய்ச் சேரும். போனில் கூப்பிடும்போதே "பிளாட்பெட் வண்டிதான் வேணும்" (காரையே மேலே ஏற்றிக்கொண்டு போவது) என்று சொல்லிவிடுங்கள்.

முதலில் அந்தச் சின்ன பேட்டரி

எலக்ட்ரிக் காரிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. கன்ட்ரோலர்கள் எல்லாம் விழிப்பது அதன் தயவில். அது படுத்தால் பெரிய பேட்டரியில் எண்பது சதவீதம் சார்ஜ் இருந்தாலும் கார் அசையாது. வோல்டேஜ் தடுமாறும் நேரத்தில் சம்பந்தமில்லாத எச்சரிக்கை எல்லாம் வரிசையாக வரும். சாதாரண மல்டிமீட்டரால் இதை நீங்களே பார்க்கலாம். கார் ஓய்வில் இருக்கும்போது 12.4-க்கு மேல் இருந்தால் நலம், 12-க்குக் கீழே போனால் சந்தேகம். காரை ‘ரெடி’ நிலைக்குக் கொண்டுவந்தபின் 13.5-லிருந்து 14.5-க்குள் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் பெரிய பேட்டரியிலிருந்து சின்னதற்குச் சார்ஜ் கொடுக்கும் டிசி-டிசி கன்வெர்ட்டர் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

மல்டிமீட்டரோடு உங்கள் வேலை அங்கே முடிந்தது. ஆரஞ்சு கேபிள் பக்கம் போகாதீர்கள். அதில் பல கார்களில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடுகிறது. இணைப்பைக் கழற்றிய பிறகும் இன்வெர்ட்டரின் கப்பாசிட்டரில் மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். என் கடைப் பையன்கள் 440 வோல்ட் மோட்டாரோடு தினமும் புழங்குகிறவர்கள். அவர்களையே நான் அதைத் தொட விடுவதில்லை.

காதும் கண்ணும் சொல்வது

மோட்டார் கெடுவதற்கு முன் பெரும்பாலும் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் கெடும். வேகம் கூடக் கூட ஏறும் ‘ஙொய்ய்’ சத்தம், ஆக்சிலரேட்டரை விட்டாலும் அதே வேகத்தில் அப்படியே தொடர்ந்தால் பேரிங் மீது சந்தேகப்படலாம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு மாதிரி, விட்டால் வேறு மாதிரி என்றால் கியர் பெட்டியைப் பார்க்க வேண்டும். வளைவில் இடது வலது திரும்பும்போது மாறினால் அது சக்கரத்துப் பேரிங். மோட்டாருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. திருச்சி விமான நிலையத்திலிருந்து கானாடுகாத்தான் பங்களா ஹோட்டல்களுக்கு ஆள் ஏற்றும் தம்பி ஒருவர் இந்தச் சத்தத்தோடு வந்தார். குன்றக்குடி வரை ஒன்றாகப் போய் வந்தோம். வளைவில் மாறியது. மோட்டாரைக் கழற்றாமலே வேலை முடிந்தது.

மோட்டார் பேரிங் என்று உறுதியானால் அதை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். சில மாடல்களில் முடியும். ஆனால் இன்வெர்ட்டர் அதிவேகமாக மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுப்பதால் ஷாஃப்ட் வழியே கசியும் மின்சாரம் பேரிங்கின் ஓடுபாதையில் வரி வரியாகப் பள்ளம் போடும். அதைத் தவிர்க்கச் சில மோட்டார்களில் செராமிக் குண்டு வைத்த பேரிங்கோ, மின்தடுப்புப் பூச்சு உள்ளதோ இருக்கும். அளவு ஒத்துப்போகிறதே என்று கடையில் கிடைத்த சாதாரண பேரிங்கைப் போட்டால் சத்தம் திரும்ப வரும். கழற்றிய பேரிங்கைக் கையில் வாங்கி அதன் நம்பரைப் பாருங்கள்.

வெயிலில் தொடர்ந்து வேகமாக ஓட்டியபின் இழுவை குறைந்து, டாஷ்போர்டில் சக்தி குறைத்திருப்பதைக் காட்டும் ஆமைப் படம் வந்து, ஆறினபின் சரியாகிறதா? கூலண்ட் அளவு, பம்ப், உள்ளே சிக்கிய காற்று, இந்த மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பம்ப் விலையும் மோட்டார் விலையும் கிட்டே நிற்கக்கூட முடியாதவை. ஆனால் கெட்ட பம்போடு தொடர்ந்து ஓட்டினால் சூட்டில் ரோட்டரின் காந்தம் சக்தி இழக்கும்; அது மீளாது. கூலண்ட் குறைந்தால் கம்பெனி சொன்ன வகையைத்தான் ஊற்ற வேண்டும். எங்கள் ஊர் சம்பை ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் அது குடிக்க மட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் ‘இன்சுலேஷன்’ எச்சரிக்கை தனி ரகம். மழை நாளில் வரும், வெயில் அடித்தால் போய்விடும். ஹை வோல்டேஜ் சுற்றில் எங்கோ மின்சாரம் பாடிக்குக் கசிகிறது என்று பொருள். பொதுவாக பி0ஏஏ6 என்ற கோடு வரும். மோட்டார் அந்தச் சுற்றில் ஒரு உறுப்பு மட்டும்தான். ஏசி கம்ப்ரஸர், ஆன்போர்டு சார்ஜர், ஹீட்டர் இருந்தால் அது, கேபிள் கனெக்டர் எல்லாமே அதில்தான் தொங்குகின்றன. ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு அளந்து, எதைக் கழற்றினால் கசிவு நிற்கிறது என்று பார்ப்பதுதான் முறை. அந்தப் பொறுமை இல்லாத இடத்தில் மோட்டார் மீது பழி விழும்.

எழுத்தில் வாங்க வேண்டிய மூன்று

மோட்டார் மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் அட்வைசர் சொன்னால், கோபப்படாமல் மூன்று விவரங்களை ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்று, வந்த கோடுகள் முழுவதும். இரண்டு, இன்வெர்ட்டரிலிருந்து பிரித்தபின் மோட்டார் காயிலுக்கும் பாடிக்கும் நடுவே இன்சுலேஷன் டெஸ்டரில் வந்த அளவு. ஏசி மின்சாரச் சுற்றும் சேர்ந்த அமைப்புக்குச் சர்வதேச விதியில் வோல்ட்டுக்கு 500 ஓம் கீழ் வரம்பு; 400 வோல்ட் காரென்றால் 2 லட்சம் ஓம். நல்ல மோட்டார் இதைவிடப் பல மடங்கு மேலே, மெகா ஓம் கணக்கில் காட்டும். மூன்று, மூன்று ஃபேஸுக்கும் இடையே காயில் ரெசிஸ்டன்ஸ். இது மில்லி ஓம் மீட்டரில் எடுக்க வேண்டிய அளவு. சாதாரண மீட்டர் எல்லாவற்றையும் சுழியம் என்றே காட்டும். மூன்று ஃபேஸ் அளவும் ஒத்துப்போனால் காயில் கருகியிருக்க வாய்ப்புக் குறைவு.

கானாடுகாத்தான் ஆச்சி ஒருவருடைய கார் இதற்கு நல்ல உதாரணம். மகன் சென்னையில், கார் மாதக் கணக்கில் கொட்டகையில் நிற்கும். எடுத்தால் உதறி உதறி நகர்ந்தது. ஒரு சர்வீஸ் சென்டரில் மோட்டார் முழுசாக மாற்ற எஸ்டிமேட் போட்டுவிட்டார்கள். "தம்பி, கல்யாணத்துக்கு வச்சிருந்த பணம், குடுத்துறவா?" என்று கேட்டார். "குடுத்துறாதீங்க ஆச்சி, அளந்த கணக்கை எழுதித் தரச் சொல்லுங்க" என்றேன். அளந்தார்கள். காயில், இன்சுலேஷன் இரண்டும் நன்றாக இருந்தன. வந்திருந்த கோடு பி0ஏ3எஃப், அதாவது ரோட்டர் கோணம் சொல்லும் சென்சார் சுற்று. கனெக்டரைக் கழற்றினால் பின்னில் பச்சை பூத்திருந்தது. பக்கத்து வயரை எலி கடித்திருந்தது. வயரும் கனெக்டரும் மாற்றியதோடு உதறல் நின்றது. கல்யாணமும் நடந்தது, எனக்கும் ஒரு டப்பா சீப்புச் சீடை வந்தது.

ரிசால்வரையே மாற்றினால், அதன் கோணத்தை மென்பொருளில் புதிதாகப் பதிய வேண்டிய கார்கள் உண்டு. அந்த வசதி இல்லாத இடத்தில் மாற்றினால் உதறல் கூடுமே தவிரக் குறையாது.

இப்போது காயில் விஷயம். பல கார் மோட்டார்களில் நாங்கள் சுற்றுகிற உருண்டைக் கம்பி கிடையாது. பட்டையான செம்புக் கம்பிகளைக் கொண்டை ஊசி போல வளைத்துச் செருகி, முனைகளை வெல்டிங் செய்திருப்பார்கள். ரோட்டரில் இருக்கும் காந்தம், ஜிக் (பிடித்து நிறுத்தும் சாதனம்) இல்லாமல் உருவினால் விரலை நசுக்கிவிடும். ஸ்கூட்டர் ஹப் மோட்டாரில் ஹால் சென்சார் மாற்றித் தருகிறோம், அது வேறு. கார் மோட்டாருக்குக் காயில் கட்டித் தருகிறேன் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும், அந்த மாடலை முன்பு செய்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊரில் இன்னொன்றும் கேட்பார்கள்: "சிக்ரியில காட்டலாமா?" அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அது. மின்வேதியியலும் பேட்டரி ஆய்வும் அவர்கள் துறை. ஒர்க்‌ஷாப் அல்ல, வாசலில் போய் நிற்காதீர்கள்.

பணம்

வாரண்டி அட்டையைத் தேடி எடுங்கள். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது என்பது இங்கே பரவலான வரம்பு. மீதிக் காருக்கு வாரண்டி குறைவு. அதனால் இன்வெர்ட்டர், சென்சார், பம்ப் ஆகியவை எந்தப் பட்டியலில் வருகின்றன என்று பாருங்கள். தண்ணீர் புகுந்தது, எலி கடித்தது, வெளியாள் பிரித்தது எல்லாம் பொதுவாக விலக்கு. செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தால் வாரண்டி உங்களுக்கு முழுசாக மாறுகிறதா என்பதையும் கேளுங்கள்.

இன்சூரன்ஸ் தானாகக் கெட்ட மோட்டாருக்குத் தராது. மின், இயந்திரக் கோளாறு சாதாரண பாலிசியில் விலக்கு. விபத்து, வெள்ளம் என்றால் தரும். ஆனால் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து மோட்டார் போனால் அதற்குத் தனி ஆட்-ஆன் வேண்டும். ஜீரோ டிப்ரிசியேஷன் (தேய்மானம் கழிக்காத வசதி) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்குப் பாதி உங்கள் கையிலிருந்து போகும்.

எஸ்டிமேட்டில் ஜிஎஸ்டி சேர்ந்ததா, லேபர் தனியா, சோதனைக் கட்டணம் பில்லில் கழியுமா, எக்ஸ்சேஞ்ச் யூனிட் (பழையதைக் கொடுத்து மாற்றி வாங்குவது) உண்டா, புது மோட்டாருக்கு எத்தனை மாதம் வாரண்டி என்று கேளுங்கள். பழைய மோட்டார் யாருக்கு என்பதையும் பேசுங்கள். செம்பும் காந்தமும் சும்மா வருவதில்லை. வாரண்டி முடிந்து சில மாதம்தான் ஆகிறது, சர்வீஸ் எல்லாம் ஒழுங்காக விட்டிருக்கிறீர்கள் என்றால், டீலரோடு நிற்காமல் கம்பெனிக்கு நேராக மெயில் எழுதுங்கள். ஒரு பங்கை ஏற்றுக்கொள்வது உண்டு.

எதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். அடுத்தது சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். அந்த ஜாப் கார்டும் டாஷ்போர்டுப் படமும் அங்கே பேசும்.

ஊரில் காரை விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள், கார் பார்க்கிற ஆளிடம் வாரம் ஒரு முறை ‘ரெடி’ நிலையில் அரை மணி நேரம் வைக்கச் சொல்லுங்கள், சின்ன பேட்டரி சாகாது. பெரிய பேட்டரியைப் பாதிச் சார்ஜில் விட்டால் போதும். நெல் மூட்டை, பழைய சாக்கு கிடக்கும் கொட்டகையில் நிறுத்தாதீர்கள், எலி அங்கேதான் குடியிருக்கும். பானட்டைத் திறந்து வயர் தோலையும் கூலண்ட் மட்டத்தையும் மாதம் ஒரு முறை போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.