ஜேர்சி வாங்கும் முன்: ஆட்டக்காரர் பதிப்பு, ரசிகர் பதிப்பு, போலி

"இது ஒரிஜினலா?" என்று கேட்டால் "ஒரிஜினல்தான் தம்பி, தாய்லாந்து அயிட்டம்" என்று பதில் வரும். இலங்கை மலையகத்தின் ஹட்டனிலோ பதுளையிலோ நுவரெலியா பேல் பஜார் ஆடைச் சந்தையிலோ விளையாட்டு ஜேர்சி தேடிப் போனவர்களுக்கு இந்தப் பதில் பழகிப்போன ஒன்று. ஆனால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. பெரிய உதைபந்தாட்டக் கழகங்களின் உண்மையான ஜேர்சிகள் பலவும் தாய்லாந்தில் தைக்கப்படுகின்றன; தரம் கூடிய போலிகளுக்கு வியாபாரிகள் வைத்திருக்கும் பட்டப்பெயரும் தாய்லாந்துதான். ஆகவே கடைக்காரரின் வாயை விட்டுவிட்டுச் சட்டையின் உட்புறத்தைப் பார்க்கப் பழகிக்கொள்வதே நல்லது. அதற்கு முன், எந்த வகைச் சட்டையைத் தேடுகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சந்தையில் இருப்பவை மூன்று வகை. மைதானத்தில் வீரர்கள் அணிவதற்கு நிகராகத் தயாரிக்கப்படும் ஆட்டக்காரர் பதிப்பு முதலாவது. "ஒதென்டிக்", "பிளேயர் எடிஷன்" என்ற பெயர்களில் விற்கப்படுவது இதுதான். அதே நிறுவனம் அதே அணியின் அனுமதியோடு ரசிகர்களுக்கென்று தயாரிக்கும் பதிப்பு இரண்டாவது. நிறுவனங்கள் "ரெப்ளிக்கா" என்று குறிப்பிடுவது இதைத்தான். எவருடைய அனுமதியும் இன்றித் தைக்கப்படும் போலி மூன்றாவது. நம் கடைத்தெருக்களில் ரெப்ளிக்கா என்றாலே போலி என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருப்பதால், அதிகாரபூர்வ இணையக் கடையில் அந்தச் சொல்லைக் கண்டதும் பின்வாங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பின்வாங்கத் தேவையில்லை; அங்கே ரெப்ளிக்கா என்று விற்கப்படுவது முழுக்க முழுக்க உண்மையான பொருள்.

விலை வித்தியாசத்துக்கு ஓர் உதாரணம் சொல்லலாம். 2023 ஜூனில் அடிடாஸ் நிறுவனம் இந்திய கிரிக்கெட் அணியின் புதிய ஜேர்சியை விற்பனைக்கு விட்டபோது, ஒருநாள் ஆட்டத்துக்கான ஆட்டக்காரர் பதிப்பின் விலை 4,999 இந்திய ரூபாயாகவும், ரெப்ளிக்காவின் விலை 2,999 ஆகவும், இன்னும் எளிய ரசிகர் சட்டையின் விலை 999 ஆகவும் இருந்தன. ஓர் இந்திய ரூபாயை மூன்றரை இலங்கை ரூபாயாகக் கொண்டால் முதலாவது சட்டை 17,500 ரூபாயைத் தொடுகிறது. 2024 இல் தோட்டத் தொழிலாளருக்கு அடிப்படை நாட்சம்பளமாக நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாயால் வகுத்துப் பார்த்தால், அந்த ஒரு சட்டைக்காகப் பதின்மூன்று நாள் முழுப்பேர் (முழு நாள் வேலைக்கான சம்பளப் பதிவு) விழ வேண்டும். கூரியர் செலவும் சுங்கத் தீர்வையும் அதற்கு மேல். 999 ரூபாய்ச் சட்டைக்கோ மூன்று நாள் பேர் கூடத் தேவைப்படாது. இரண்டுமே அடிடாஸ் தயாரிப்பு, இரண்டுமே அனுமதி பெற்றவை.

விலை கூடியது நீண்ட காலம் உழைக்கும் என்று நினைப்பது இயல்பு. ஜேர்சி விடயத்தில் பெரும்பாலும் அதற்கு நேர்மாறாகவே நடக்கிறது. ஆட்டக்காரர் பதிப்பு தொண்ணூறு நிமிடம் ஓடும் உடலுக்காகவோ வெயிலில் ஐம்பது ஓவர் நிற்கும் உடலுக்காகவோ திட்டமிடப்பட்டது. ஆகவே அதன் துணி மெல்லியது, காற்றுப் போக நுண்ணிய துளைகள் உள்ளது, உடம்போடு ஒட்டி நிற்கும்படி வெட்டப்பட்டது. எடையைக் குறைக்கவும் தோலில் உரசாமல் இருக்கவும் அணிச் சின்னத்தைத் தைக்காமல் வெப்பத்தால் அழுத்தி ஒட்டியிருப்பார்கள். ரசிகர் பதிப்பின் துணி சற்றுத் தடிப்பானது, வெட்டு தளர்வானது, சின்னம் பெரும்பாலும் நூல் வேலைப்பாடாகவோ தைத்த வில்லையாகவோ இருக்கும். ஒட்டிய சின்னம் பல துவைப்புகளுக்குப் பிறகு ஓரம் கிளம்பக்கூடும்; தைத்த சின்னம் சட்டை கிழியும்வரை கிடக்கும். 2020களின் முற்பகுதியில் வந்த அடிடாஸ் உதைபந்தாட்டச் சட்டைகளில் ஆட்டக்காரர் பதிப்புக்கு ஹீட்.ரெடி என்றும் ரசிகர் பதிப்புக்கு ஏரோரெடி என்றும், நைக்கியில் முறையே டிரை-ஃபிட் ஏடிவி என்றும் வெறும் டிரை-ஃபிட் என்றும் அச்சிட்டிருப்பதைப் பார்த்தே எது எதுவென்று பிரித்துவிடலாம். நூலால் தைத்த சின்னத்தைக் காட்டி "இதுதான் பிளேயர் எடிஷன்" என்று ஒருவர் கூடுதல் விலை கேட்டால், பிடிபட வேண்டிய இடம் அதுவே.

எனவே, ஊரில் அணிந்து திரியவும், ஆட்டம் பார்க்கவும், மாலையில் மைதானத்தில் மென்பந்து கிரிக்கெட் விளையாடவும் வாங்குகிறவருக்கு என் பரிந்துரை ரசிகர் பதிப்புதான். ஆட்டக்காரர் பதிப்பைச் சேகரிப்புக்காக வாங்குகிறவர் வாங்கட்டும். கைக்கு எட்டவில்லை என்றால், பருவம் முடிந்தபின் விலை குறைத்து விற்கப்படும் முந்தைய ஆண்டுச் சட்டையைத் தேடுவது, போலிக்குப் பணம் கொடுப்பதைவிட மேலானது.

அளவு பார்க்கும் முறை

எஸ், எம், எல் என்ற எழுத்துகளை நம்ப வேண்டாம். உங்களுக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு டீ சேர்ட்டைத் தரையில் சுருக்கமின்றி விரித்து, ஓர் அக்குளின் தையலிலிருந்து மறு அக்குளின் தையல்வரை அளவு நாடாவால் அளந்து, அந்த எண்ணை விற்பனையாளரின் அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அட்டவணையில் இருப்பது மார்புச் சுற்றளவா, விரித்த அகலமா என்பதைக் கவனியுங்கள். முன்னையது ஆளின் உடம்பை அளப்பது, பின்னையது சட்டையை அளப்பது. ஆட்டக்காரர் பதிப்பென்றால் ஓர் அளவு கூட்டி எடுப்பதே பாதுகாப்பு. நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கத்தவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: டிசம்பர், ஜனவரிக் குளிரில் ஜேர்சியை ஸ்வெட்டருக்கு மேலேதான் போட வேண்டியிருக்கும் என்பதால், ஸ்வெட்டருக்கு மேலே போட்டாலும் பொருந்தும் ஒரு சட்டையை விரித்து அளப்பது புத்திசாலித்தனம்.

போலியைக் கண்டுபிடித்தல்

முதலில் சட்டையை உட்புறம் திருப்புங்கள். நூல் வேலைப்பாட்டுச் சின்னத்தின் பின்புறம் துப்புரவாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். அறுந்த நூல் முனைகள் தொங்கினாலோ, எழுத்துக்கு எழுத்து தாவும் நூல்கள் வெட்டப்படாமல் கிடந்தாலோ, பின்னால் தாள் போன்ற விறைப்பான துணி ஒழுங்கின்றிக் கிழிக்கப்பட்டிருந்தாலோ சந்தேகப்படுங்கள். அடுத்து, இடுப்புப் பக்கத் தையலில் இருக்கும் துவைப்புக் குறிப்புச் சீட்டைப் பாருங்கள். அதில் ஒரு தயாரிப்புக் குறியீடு இருக்கும்: அடிடாஸ் சட்டைகளில் பெரும்பாலும் இரண்டு எழுத்தும் நான்கு இலக்கமும், நைக்கியில் ஆறு குறிகளும் ஒரு சிறுகோடும் பின்னர் மூன்று இலக்கமும். அந்தக் குறியீட்டைக் கைப்பேசியில் தேடினால் அதே நிறத்து, அதே அணியின், அதே பருவத்துச் சட்டையின் படம் வர வேண்டும். ஆர்ஜென்டினாச் சட்டையின் குறியீட்டைத் தேடியபோது சப்பாத்தின் படம் வந்தால், சட்டையைத் திரும்பத் தொங்கவிட்டுவிடலாம். ஒரு விடயத்தை மறக்க வேண்டாம்: குறியீடு பொருந்தாவிட்டால் அது போலி என்பது ஏறத்தாழ உறுதி, ஆனால் பொருந்திவிட்டதால் மட்டும் அது உண்மையாகிவிடாது, ஏனெனில் கவனமான போலிக்காரர் சரியான குறியீட்டையும் சேர்த்தே நகல் எடுப்பார்.

துணியையும் தையலையும் விட எளிதாகக் காட்டிக்கொடுப்பது வரலாறு. போலிக்காரர்கள் ரசிகனின் ஆசைக்கு ஏற்பத் தைக்கிறார்கள். எந்த வீரர் எந்த ஆண்டில் எதை அணிந்தார் என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. தோனி இந்தியாவுக்காகக் கடைசியாக ஆடியது 2019 உலகக் கிண்ண அரையிறுதியில். அடிடாஸ் இந்திய அணிக்குச் சட்டை கொடுக்கத் தொடங்கியது 2023 இல். ஆகவே தோள்களில் மூன்று கோடுகளும் முதுகில் "தோனி 7" என்பதும் சேர்ந்திருக்கும் நீலச் சட்டையைத் தோனி ஒரு ஆட்டத்திலும் அணிந்ததில்லை. மெஸ்ஸி பார்சிலோனாவை விட்டு விலகியது 2021 ஓகஸ்டில். அதற்குப் பிந்திய பார்சிலோனாச் சட்டையில் அவர் பெயர் இருந்தால் அதுவும் அப்படித்தான். 2022 உலகக் கிண்ண இறுதியில் ஆர்ஜென்டினா அணிந்த சட்டையில் சின்னத்துக்கு மேலே இரண்டு நட்சத்திரங்களே இருந்தன. மூன்றாவது நட்சத்திரம் அந்த வெற்றியால் கிடைத்தது. மூன்று நட்சத்திரச் சட்டையைக் காட்டி "பைனலில் போட்டது இதுதான்" என்று சொல்கிறவர் தெரியாமல் சொல்கிறார், அல்லது தெரிந்தே சொல்கிறார்.

நமக்கு நெருக்கமான 1996 சட்டைக்கும் இதே சோதனை பொருந்தும். லாகூரில் அர்ஜுன ரணதுங்க கிண்ணத்தை ஏந்திய அந்தச் சட்டையின் மறுபதிப்புகள் இன்றும் விலைபோகின்றன. உலகக் கிண்ணப் போட்டிகளில் வீரர்களின் முதுகில் எண்கள் வந்தது 1999 இல்தான் என்பதால், எண் அச்சிட்ட "1996 ஒரிஜினல்" எவரோ கற்பனையில் செய்தது. முரளிதரனின் பெயரோடு அழகாகத்தான் இருக்கும். விரும்பினால் வாங்கலாம், ஆனால் அரும்பொருளுக்குரிய விலையைக் கொடுக்க வேண்டாம்.

இலங்கைத் தேசிய கிரிக்கெட் அணியின் அண்மைய ஆண்டுகளின் சட்டையை வாங்குவதில் சிரமம் குறைவு. 2023 உலகக் கிண்ணத்துக்கான சட்டையைத் தயாரித்த மூஸ் ஓர் இலங்கை நிறுவனம் என்பதால், சுங்கத் தீர்வைத் தலைவலி இன்றி ரசிகர் பதிப்பை உள்நாட்டிலேயே பெறலாம். 2019 உலகக் கிண்ணச் சட்டையை, கடலிலிருந்து சேகரித்த பிளாஸ்டிக் கழிவை மறுசுழற்சி செய்த நூலால், எம்.ஏ.எஸ். என்ற இலங்கை ஆடை நிறுவனம் தயாரித்தது, அதில் கடலாமையின் உருவம் இருக்கும். இந்த நாட்டின் ஆடைத் தொழிற்சாலைகள், மலையகப் பிள்ளைகள் பலர் வேலை செய்யும் இடங்கள், உலகத் தரத்தில் தைக்கின்றன என்பதில் ஐயமில்லை. அதைப் பயன்படுத்தித்தான் "கார்மென்ட்ஸில் மிஞ்சியது" என்ற விற்பனைப் பேச்சு ஓடுகிறது. ஏற்றுமதியில் மிஞ்சியவை உண்மையிலேயே சந்தைக்கு வருவதுண்டு. ஆனால் அவற்றில் அளவுகள் கலந்து கிடக்கும், சிறு பழுது இருக்கும், கழுத்துச் சீட்டு பெரும்பாலும் வெட்டப்பட்டிருக்கும். ஒரே ஜேர்சி எஸ் முதல் இரட்டை எக்ஸ்எல் வரை, புதுப் பொலித்தீன் உறையில், வேண்டிய எண்ணிக்கையில் அடுக்கப்பட்டிருந்தால் அது மிச்சச் சரக்கு ஆகாது.

இணையத்தில் வாங்குவோருக்கு

ஃபேஸ்புக், டிக்டொக் பக்கங்களில் விற்பவர்கள் நிறுவனத்தின் விளம்பரப் படத்தையே போட்டிருப்பார்கள். அன்றைய திகதியை ஒரு தாளில் எழுதி, அதைச் சட்டையின் உட்புறச் சீட்டுக்கு அருகில் வைத்துப் படம் எடுத்து அனுப்பும்படி கேளுங்கள். மறுப்பவரிடம் சரக்கு கையில் இல்லை, அல்லது காட்டக்கூடிய சரக்கு இல்லை. பொருள் வந்தபின் பணம் கொடுக்கும் முறையையே தெரிவு செய்யுங்கள். பொதியைப் பிரிக்கும்போது தொடக்கத்திலிருந்து காணொளி எடுத்துவைத்தால், பொருள் மாறியிருந்தால் பேச ஒரு சான்று இருக்கும்.

தோட்டங்களில் இருப்போருக்கு முகவரியே பெரிய பிரச்சினை. லயக் காம்பராவுக்கு (தோட்டத்து வரிசை வீட்டின் அறைக்கு) தனி முகவரி இல்லாததால் பொதி தோட்ட அலுவலகத்திலேயே தங்கிவிடுவதும், கூரியர்காரர் டவுனோடு திரும்பிவிடுவதும் நடக்கிறது. தெரிந்த ஒருவருடைய டவுன் கடை முகவரியைக் கொடுத்து, தோட்டப் பிரிவான டிவிஷனின் பெயரையும் இரண்டு தொலைபேசி இலக்கங்களையும் சேர்த்து எழுதுவது நடைமுறையில் பலன் தரும். கடையில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் பற்றுச்சீட்டில் அணியின் பெயரும் "ஒரிஜினல்" என்ற சொல்லும் எழுதப்பட்டிருக்கட்டும். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். வணிகக் குறிகளைப் போலியாகப் பயன்படுத்தி விற்பது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி குற்றம் என்பதை மெதுவாக நினைவூட்டினாலே சில கடைகளில் பணம் திரும்பிவிடும்.

தோட்ட அணிக்காகப் பத்துப் பதினைந்து சட்டைகள் அடிப்பவர்கள் நைக்கி, அடிடாஸ் சின்னங்களை விட்டுவிட்டுத் தோட்டத்தின் பெயரையே போட்டுக்கொள்ளலாம். சப்ளிமேஷன் முறையில் அச்சிடச் சொல்லுங்கள்: சாயம் வெப்பத்தில் ஆவியாகி பொலியெஸ்டர் நூலுக்குள்ளேயே இறங்கிவிடுவதால் உரியாது. பருத்தித் துணியில் அது பிடிக்காது.

துவைப்பதும் காயவைப்பதும்

மலையகத்தில் ஜேர்சிகளைப் பாழாக்குவது விளையாட்டைவிடத் துவைப்புதான். பீலிக்கரைக் கல்லில் (தண்ணீர் விழும் பொதுப் பீலியடியில்) அடித்துத் துவைத்தால், ஒட்டிய எண்ணும் விளம்பரதாரர் பெயரும் சில மாதங்களில் வெடித்துவிடும். உட்புறம் திருப்பி, குளிர்ந்த நீரில், கொஞ்சம் சவர்க்காரத் தூளோடு கையால் அலசினால் போதும். வெளிற்றியும் துணி மென்மையாக்கியும் வேண்டாம், பின்னது வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் தன்மையைக் கெடுக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வெயிலைக் காணாமல், அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைப்பது நம் வீடுகளில் வழக்கம். ஜேர்சிக்கு மட்டும் அந்த இடம் ஆகாது: பசை இளகும், புகை நாற்றம் பொலியெஸ்டரில் ஏறினால் எளிதில் போகாது, விறகிலிருந்து தெறிக்கும் ஒரு பொறி போதும் துளை விழ. உலர்ந்த துணித் துவாயில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்துவிட்டு, காற்றோட்டமுள்ள திண்ணையில் தொங்கவிட்டால், மெல்லிய துணி என்பதால் மழை நாளிலும் காய்ந்துவிடும். எண்ணின் ஓரம் கிளம்பத் தொடங்கியிருந்தால் இழுக்காமல், அதன்மேல் பேக்கிங் தாளை வைத்து, குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியைச் சில விநாடிகள் அழுத்தி, ஆறியபின் தாளை உரித்தெடுங்கள்.