பஃபர் கூட எந்த மீனை விடலாம்?

சென்னை கொளத்தூர் மீன் கடைகள்ல பஃபர் (பயந்தா உடம்பை ஊதிக்கிற மீன்) வாங்குறீங்கன்னா முதல்ல அது எந்த வகைன்னு கேளுங்க, ஏன்னா கிரீன் ஸ்பாட்டட் பஃபர் குட்டியையும் நல்ல தண்ணி மீனுன்னு சொல்லி வித்துருவாங்க, அது வளர வளர உப்புத்தண்ணி கேக்கும். ஃபஹாகா மாதிரி பெரிய வகை பஃபர்னா பேச்சே இல்ல, தனி டேங்க் தான்.

வீட்டுக்கு சரிப்படுறது நம்ம கேரளா ஆத்து ட்வார்ஃப் பஃபர். 3 செ.மீ. தான் இருக்கும் ஆனா செம திமிரு. கண்ணை மட்டும் உருட்டி உருட்டிப் பாத்துட்டே நிக்கும், திடீர்னு போய் வாலைக் கடிச்சிட்டு வந்துரும். அதனால கப்பி, ஃபைட்டர், ஏஞ்சல்னு துடுப்பு நீளமா இருக்குறது எதுவும் வேணாம். செர்ரி இறால் விட்டா குட்டியெல்லாம் காலி, நத்தை அதுக்கு சாப்பாடு.

ஓட்டோ (பாசி திங்குற சின்ன மீன்), கூலி லோச் (பாம்பு மாதிரி ஒல்லியா அடியில சுத்துற மீன்) ஓரளவு ஓகே, அதுவும் செடி நெறைய வெச்சு ஒளிய எடம் இருந்தா மட்டும். பஃபருக்குள்ளயே சண்டை வரும், ஒரு ஆணுக்கு ரெண்டு மூணு பொண்ணுன்னு விடுங்க (பெரிய ஆணுக்கு வயித்துல கறுப்புக் கோடு தெரியும்). மொதல்ல மத்த மீனை விட்டு செட் ஆனப்புறம் கடைசியா பஃபரை விடுங்க, கடி ஆரம்பிச்சா உடனே பிரிக்க இன்னொரு டேங்க் ரெடியா வெச்சுக்கோங்க.