அன்னாசி போடுகிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடங்கள்

அன்னாசியை அதிகப் பாடு இல்லாத பயிர் என்பார்கள். அது பொய்யும் இல்லை. வெயிலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கிற செடி, தண்ணீர் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் செடி சாகாமல் நிற்பது வேறு, லாரி ஏற்றுகிற மாதிரி ஒரே சீராகக் காய்ப்பது வேறு. கொல்லிமலைச் சரிவானாலும் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டமானாலும், 2009-ல் புவிசார் குறியீடு வாங்கிய கேரளத்து வாழக்குளமானாலும், இந்தப் பயிரில் கை சுடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: ஒரே நாளில் நட்ட செடிகள் ஆளுக்கொரு மாதத்தில் காய்க்கின்றன. வாரம் பத்துப் பழத்துக்கு வியாபாரி வண்டி அனுப்பமாட்டார்.

அந்தச் சிக்கல் கன்று வாங்கும்போதே தொடங்கிவிடுகிறது. தண்டிலிருந்து வரும் பக்கக் கன்று, பழக்காம்பில் முளைக்கும் மேல்கன்று, பழத்தின் தலையில் இருக்கும் கொண்டை, மூன்றுமே முளைக்கும். ஆனால் முதல் இரண்டும் ஏறக்குறைய ஒரு வருடத்தில் பூக்கும், கொண்டைக்கு 19, 20 மாதம் வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று எல்லாவற்றையும் கலந்து நட்டால் அந்தத் தோட்டம் கடைசிவரை நேராகாது. (வீட்டுத் தொட்டியில் கொண்டையை நட்டுவிட்டு அடுத்த வருடமே பழம் தேடுகிறவர்களுக்கும் இதுதான் பதில்.) பக்கக் கன்று மட்டும் வாங்கினாலும் போதாது, எடை பார்த்துப் பிரிக்க வேண்டும். மொரீஷியஸ் ரகத்தில் அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை உள்ள கன்று நல்லது. அதிலும் முக்கால் கிலோவுக்குக் கீழே ஒரு பாத்தி, மேலே இன்னொரு பாத்தி. வாங்கிய அன்றே நடவும் கூடாது. ஒரு வாரம் நிழலில் ஆறப்போட்டு, அடியில் இருக்கும் காய்ந்த இலைகளை உரித்துவிட்டு நட்டால் வேர் சீக்கிரம் பிடிக்கும்.

நடும்போது ஆழம் கூடிவிடுவதும் சாதாரணமாக நடப்பதுதான். மழையில் மண் சரிந்து குருத்துக்குள் விழுந்தால் அழுகல் வரும். தண்ணீர் தேங்கினாலும் அப்படித்தான். நடு இலையைப் பிடித்து லேசாக இழுத்தாலே கையோடு வந்து, அடியில் நாற்றம் அடித்தால் அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது. வடிகால் இல்லாத தாழ்வான இடத்தில் அன்னாசி வேண்டவே வேண்டாம்.

அடுத்தது, செடிகளை ஒன்றாகப் பூக்க வைக்கும் எத்ரல் மருந்தை ஊற்றும் நாள். கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் பணம் இங்கேதான் போகிறது. 19-ம் நூற்றாண்டில் போர்ச்சுகலின் அசோரஸ் தீவுகளில், கண்ணாடிக் கூடாரத்துக்குள் புகை பட்ட அன்னாசிச் செடிகள் மொத்தமாகப் பூத்ததைக் கவனித்தார்கள். புகையிலிருந்த எத்திலீன் வாயு செய்த வேலை அது. இன்று அதே வாயுவைச் செடிக்குள் வெளிவிடும் எத்திபான் மருந்தை ஊற்றுகிறோம், கடையில் எத்ரல் என்று கேட்டால் கொடுப்பார்கள். 39 சதவீத மருந்து என்றால் 20 லிட்டர் தண்ணீருக்கு ஒன்றேகால் மில்லிதான். அதோடு 400 கிராம் யூரியா, 8 கிராம் கால்சியம் கார்பனேட். ஒரு செடியின் குருத்தில் 50 மில்லி வீதம் ஊற்றினால் 400 செடிக்கு வரும்.

ஒன்றேகால் மில்லி என்றதும் பலருக்கு மனசு கேட்பதில்லை, ஒரு மூடி சேர்த்து ஊற்றிவிடுகிறார்கள். அளவு மீறினால் செடிக்குத்தான் கேடு. மருந்தை மூடியால் அளக்காமல் ஊசிக் குழலால் அளப்பது நல்லது. கரைசலைக் காலையில் கலக்கிவைத்து மாலை வரை வைத்திருப்பதும் வீண், புளிப்பு குறைந்த தண்ணீரில் மருந்து தானாகவே உடைந்து வாயு போய்விடும். வெயில் உச்சியில் ஊற்றாமல் பொழுது சாய்ந்து ஊற்றுங்கள். 36 மணி நேரத்துக்குள் மழை பெய்தால் மறுபடி ஊற்ற வேண்டியதுதான்.

இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு, மாதக் கணக்கை மட்டும் பார்த்து ஊற்றுவது இன்னொரு தவறு. பார்க்க வேண்டியது இலைக் கணக்கு. மொரீஷியஸ் செடியில் 40 இலை ஒட்டி வந்திருக்க வேண்டும். இருபத்தைந்து இலையில் ஊற்றினாலும் பூக்கத்தான் செய்யும், ஆனால் பழம் கைக்குள் அடங்கிவிடும். பாத்திக்குள் நாலைந்து இடத்தில் எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இலை ஓரத்து முள் கையைக் கிழிக்கும், கையுறை அவசியம். ஊற்றி 40 நாளுக்குள் பூ வந்துவிடும், நாலரை மாதத்தில் அறுவடை.

இலை சிவந்து நுனி சுருண்டு கீழே தொங்கினால் பலர் உரம் போதவில்லை என்று யூரியாவை அள்ளிப் போடுகிறார்கள். செடியைப் பிடுங்கி அடியைப் பாருங்கள். வெள்ளையாக மாவுப்பூச்சி ஒட்டியிருந்தால் அது வைரஸ் பரப்பும் வாடல் நோய். பூச்சியைச் செடிக்குச் செடி தூக்கிக்கொண்டு போவது எறும்பு, எறும்பை விட்டுவிட்டுப் பூச்சிக்கு மட்டும் மருந்தடித்தால் மாதம் தவறாமல் அடிக்க வேண்டிவரும். நோய் வந்த தோட்டத்திலிருந்து கன்று எடுக்கவே கூடாது, சொந்தக்காரர் தோட்டமாக இருந்தாலும்.

கோடையில் மேற்கு வெயில் படும் பக்கம் பழம் வெந்துபோகும். தென்னை ஓலையோ நிழல்வலையோ போட்டால் போதும்.

அறுவடையில் அவசரப்படுவது விவசாயியின் தவறு மட்டுமில்லை, வாங்குகிறவர்களின் தவறும்கூட. அன்னாசியை மாம்பழம் மாதிரி பறித்தபிறகு பழுக்க வைக்க முடியாது. தோல் மஞ்சளாகும், சதை இளகும், இனிப்பு ஏறாது. வெளிமாநிலத்துக்குப் போகிற சரக்கைப் பச்சையாக வெட்டுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் முற்றியிருக்க வேண்டும். கண்கள் தட்டையாகி, அடி லேசாக நிறம் மாறத் தொடங்குவது அதற்கு அடையாளம்.

கடைசியாகப் பணக் கணக்கு. வாழக்குளம் பக்கத்தில் அன்னாசி போடும் பலருக்குச் சொந்த நிலம் கிடையாது. ரப்பரை வெட்டி மறுபடி கன்று வைத்த தோட்டத்தை மூன்று, நான்கு வருடக் குத்தகைக்கு எடுத்து, ரப்பர் நிழல் கட்டும் வரை அன்னாசி எடுக்கிறார்கள். முதல் அறுவடை சொதப்பினால் மறுதாம்பில், அதாவது அதே தூரில் வரும் கன்றின் அடுத்த காய்ப்பில், சரிக்கட்டலாம் என்று நினைப்பது ஆபத்து. மறுதாம்புப் பழம் பொதுவாகச் சின்னது. போதாதற்குப் பழைய செடியில் புதுக்கன்று மேலே மேலே ஏறி முளைக்கும். தூருக்கு ஒரு கன்று விட்டு மற்றதைக் களைந்து மண் அணைக்காவிட்டால் பழத்தோடு சாய்ந்துவிடும்.

இன்னொன்று, கோடை விலையை நம்பி மொத்தத் தோட்டத்துக்கும் ஒரே வாரத்தில் எத்ரல் ஊற்றுவது. 2020 ஊரடங்கில் வண்டி ஓடாமல் பழம் தோட்டத்திலேயே அழுகியதை மறக்க முடியாது. அன்று அறுவடை முழுவதும் ஒரே மாதத்தில் விழும்படி வைத்திருந்தவருக்குத் தப்பிக்க வழியே இல்லை. பாத்திக்குள் எல்லாச் செடியும் ஒன்றாகப் பூக்கட்டும். ஆனால் பாத்திக்குப் பாத்தி ஒரு மாதமாவது தள்ளி ஊற்றுங்கள். வெட்டுக்கூலிக்கு வரும் ஆட்களுக்கும் அப்போதுதான் தொடர்ந்து வேலை இருக்கும்.