சமரசம் பேசுமுன்

மலேசியத் தோட்டத்தில் கணவர் மனைவியை அடித்தால், கோயில் கமிட்டி இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, "விட்டுக்கொடுத்துப் போம்மா" என்னும். அந்தப் பெண் தலையாட்டுவார்; இரவு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அதற்கும் சேர்த்து அடி விழும்.

முதலில் அவரைத் தனியே பாருங்கள், கணவர் செம்பனைக் குலை வெட்டப் போயிருக்கும் காலையில். கழுத்தை நெரித்தாரா? பாராங் கத்தியைக் காட்டினாரா? ஆம் என்றால் சமரசப் பேச்சே கூடாது. அரசின் உதவி எண்ணான 15999-க்கு (தாலியன் காசே) அழையுங்கள். சமூகநல அதிகாரி தரும் அவசரப் பாதுகாப்பு ஆணை 7 நாள் செல்லும். அதற்குப் போலீஸ் புகார் கட்டாயமில்லை. போலீஸ் விசாரணை நடக்கும்போது நீதிமன்றம் தரும் இடைக்காலப் பாதுகாப்பு ஆணைக்குப் புகார் வேண்டும்.

அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், மாற்றுச் சாவி: மூன்றும் வெளியே நம்பகமானவரிடம் இருக்கட்டும். பக்கத்து வீட்டில் வேண்டாம், லயத்தில் எதுவும் ஒளியாது.

அவரே கேட்டால் மட்டும் பேச்சு, தனித்தனி அறை. "புகாரை மீட்டுக்கொள்" என்று வரும் மன்னிப்பை ஏற்காதீர்கள். பேச்சு முடிந்த 3ஆம் நாள் அவரை மறுபடி தனியே விசாரியுங்கள்.